விலை பேசும் முன் கையெழுத்துகளை எண்ணுங்கள்

வேலூரில் கொசப்பேட்டை, சத்துவாச்சாரி, காட்பாடிப் பக்கம் பழைய வீட்டை விற்க நினைத்து வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, சதுர அடி இப்போது என்ன போகிறது என்பதைத்தான். சொத்துப் பத்திரங்களைப் பார்த்துக் கருத்துச் சொல்வது என் தொழில், விலை சொல்வது புரோக்கர் வேலை. நான் கேட்பது இதுதான்: வீடு யார் பேரில் இருக்கிறது, அவருக்கு வாரிசுகள் யார் யார்? இதற்கு அண்ணன் ஒரு பதிலும் தம்பி ஒரு பதிலும் சொல்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

விற்பனை விலையில் முறிவது குறைவு. பார்ட்டி கிடைத்து, அட்வான்ஸ் வாங்கி, அந்தப் பணம் செலவும் ஆன பிறகு, வாங்குபவருக்குக் கடன் தரும் வங்கியின் வழக்கறிஞர் வாரிசுச் சான்றைக் கேட்கும்போதுதான் முறிகிறது.

"தங்கச்சிக்குக் கல்யாணத்திலேயே எல்லாம் செஞ்சாச்சு சார்" என்பார்கள். செய்திருக்கலாம். ஆனால் சீர்வரிசை வேறு, பங்கு வேறு. அப்பா சொந்தமாக வாங்கிய வீடு, உயில் எழுதாமல் இறந்துவிட்டார் என்றால், இந்துக் குடும்பத்தில் அம்மா, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு. அப்போது அப்பாவைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒன்று. இந்தப் பாட்டியைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அவர் பங்கு அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும் போகும் என்பதால், சித்தப்பாவும் அத்தையும் கையெழுத்துப் போட வேண்டிவரும்.

யார் முதலில் இறந்தார் என்பதும் கணக்கை மாற்றும். மகள் அப்பாவுக்கு முன்பே இறந்திருந்தால் அவளுடைய பங்கு அவள் பிள்ளைகளுக்கு மட்டும், மருமகனுக்கு இல்லை. அப்பாவுக்குப் பின் இறந்திருந்தால், பிள்ளைகளோடு மருமகனும் சேர்ந்துகொள்வார். அதனால் இறப்புச் சான்றுகளைத் தேதி வரிசையில் அடுக்கிக்கொண்டு வாருங்கள், என் வேலை பாதி முடிந்துவிடும். இறந்துபோன மகன் சிறு பிள்ளைகளை விட்டுப் போயிருந்தால், மைனரின் பங்கை அம்மா தானாக விற்க முடியாது, நீதிமன்ற அனுமதி தேவை. அதற்கான மாதங்களை அக்ரிமெண்ட் கெடுவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தாத்தா காலத்துப் பூர்வீக வீடு என்றால் கதை நீளும். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் கல்யாணமாகாத மகள்களுக்கும், 2005 செப்டம்பர் 9 முதல் எல்லா மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை உண்டு. 2005-இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பிரிவினையை இது கலைக்காது. பதிவாகாத கூர்சீட்டை, அதாவது குடும்பத்துக்குள் எழுதிக்கொண்ட பாகப்பிரிவினைச் சீட்டை, மட்டும் நம்பியிருப்பவர்களுக்குத்தான் தலைவலி. மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, வாணியம்பாடி இஸ்லாமியக் குடும்பங்களில் கணக்கே வேறு: பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, மீதியில் மகனுக்கு இரண்டு என்றால் மகளுக்கு ஒன்று. பிறப்புரிமை அங்கே கிடையாது.

சரி, எல்லோரும் சம்மதிக்கிறார்கள். உடனே பத்திர எழுத்தரிடம் போய் அக்கா தங்கைகளிடம், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் வாங்க வேண்டுமா? விற்கப்போகிற வீட்டுக்கு அது வீண் செலவு, மனஸ்தாபத்துக்கும் வழி. எல்லோரும் விற்பவர்களாகக் கிரயப் பத்திரத்திலேயே கையெழுத்திட்டு, அவரவர் பங்கை அவரவர் வங்கிக் கணக்கில் வாங்கிக்கொள்ளட்டும். வரியும் அவரவர் பங்குக்குப் பிரிந்துவிடும். வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பவர் எழுதி அனுப்பலாம். இங்கே வந்த 3 மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும்.

காகிதங்களில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. தாய்ப் பத்திரத்தில், அதாவது பழைய மூலப் பத்திரத்தில், வட ஆற்காடு மாவட்டம் என்றிருக்கும். அது 1989-இல் இரண்டானது; 2019-இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. மாவட்டப் பெயர் மாறியதால் ஒன்றும் குடி முழுகாது. சர்வே எண் மாறியிருந்தால்தான் கவனம் வேண்டும். பத்திரத்தில் பழைய சர்வே எண்ணும் பட்டாவில் நகர சர்வே எண்ணும் இருந்தால், இரண்டும் ஒரே மனைதான் என்று காட்டும் சான்று தாசில்தார் அலுவலகத்திலிருந்து வர வேண்டும். நான்கு எல்லைகளைச் சொல்லும் செக்குபந்தியில் "இன்னார் வீட்டுக்கு மேற்கு" என்று எழுதியிருக்கும். அந்த இன்னார் போய் மூன்று தலைமுறை ஆகியிருக்கும். டேப் பிடித்து அளந்து பாருங்கள், பொதுச்சுவர் யாருடையது என்று பக்கத்து வீட்டாரிடம் இப்போதே பேசுங்கள். வில்லங்கச் சான்று பெரும்பாலும் 1975 முதல் ஆன்லைனில் கிடைக்கும். அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும்.

சி.எம்.சி. மருத்துவமனைப் பக்கம் உள்ள வீடுகளில் நோயாளிகளின் குடும்பங்களுக்கு அறை விட்டிருப்பார்கள். காலி செய்யும் தேதியை எழுத்தில் வாங்குங்கள். வாடகை அட்வான்ஸை விற்பவர் தருவதா, வாங்குபவர் தருவதா என்பதும் அதிலேயே இருக்கட்டும்.

வரிக்கு ஆடிட்டரைப் பாருங்கள், ஆனால் விற்ற பிறகு அல்ல. 2001-க்கு முன் வாங்கிய வீட்டுக்கு 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை அடக்கவிலையாக எடுக்கலாம். அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பை அது தாண்டக்கூடாது. 2024 ஜூலை 23-க்கு முன் கைக்கு வந்த வீடு என்றால், லாபத்தில் 12.5%, அல்லது விலைவாசி உயர்வைக் கழித்து 20%, எது குறைவோ அது. இந்தச் சலுகை இந்தியாவில் குடியிருப்பவர்களுக்குத்தான். விலை 50 லட்சமோ மேலோ என்றால் வாங்குபவர் 1% வரியாகப் பிடித்துக் கட்டுவார். வெளிநாட்டில் குடியிருக்கும் பங்காளிக்குப் பிடித்தம் அதைவிட அதிகம், அதை முன்பே சொல்லிவிடுங்கள். அட்வான்ஸ் உட்பட 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை முழுவதையும் அபராதமாகக் கட்ட நேரிடும்.