பொறுப்பைத் துறக்க ஏலுமா? ஒரு சொல் விளக்கம்

இறக்குமதிச் சாமான்களோடு வரும் தமிழ்க் கையேடுகளில், செயலிகளில், காப்புறுதிப் பத்திரங்களில் 'பொறுப்புத் துறப்பு' என்ற தலைப்பு இப்போது நிலைத்துவிட்டது. 'டிஸ்க்ளெய்மர்' என்பதற்கு இட்ட தமிழ் இது. கேட்கக் கம்பீரமாக இருக்கிறது. ஆனால் பிழை.

வேர் சுருக்கமானது. இலத்தீனில் 'கிளாமாரே' என்றால் கூவுதல். அதிலிருந்து பிரெஞ்சு வழியாக உரிமை கோருதல் 'கிளெய்ம்' ஆயிற்று. கோரிக்கையைக் கைவிடுதல் 'டிஸ்க்ளெய்ம்'. 'இந்தச் சொத்தில் எனக்கு உரித்து வேண்டாம்' என்பது சட்டத்தில் அதன் பழைய பொருள். 'இதனால் வரும் நட்டத்துக்கு நான் பொறுப்பில்லை' என்பது இன்றைய பொருள். மொழிபெயர்ப்பாளர் பழைய பொருளுக்குரிய வினையை எடுத்துப் புதிய பொருளின் தலையில் வைத்துவிட்டார்.

துறத்தல் என்றால் தன்னுடையதைத் தானே விடுதல். வீட்டைத் துறக்கலாம், பதவியைத் துறக்கலாம், முதுசக் காணியில் உள்ள பங்கைத் துறக்கலாம். பொறுப்பு அப்படியல்ல. 'பொறு' என்றால் சுமத்தல்; பொறுப்பு என்பது இன்னொருவருக்காகச் சுமப்பது. கமநல சேவை நிலையத்தில் கடன் எடுத்தவர் 'என் கடனைத் துறந்துவிட்டேன்' என்று எழுதிக் கொடுத்தால் கடன் தீருமா? தள்ளுபடி செய்யும் அதிகாரம் கொடுத்த பக்கத்துக்கே உண்டு. பழுதான பொருளை விற்ற கொம்பனியும் அந்தக் கடன்காரர் நிலையிலேயே நிற்கிறது. 'துறப்பு' என்ற சொல் அதற்கு இல்லாத அதிகாரத்தைக் கொடுப்பதோடு, துறவு என்ற சொல்லுக்கு நம்மிடம் உள்ள மதிப்பையும் சேர்த்துக் கொடுக்கிறது.

சிலர் 'பொறுப்பு விலக்கு' என்கிறார்கள். அது இன்னும் மோசம். வரி விலக்கு என்றால் அரசு தந்தது. விலக்கு எப்போதும் மேலிருந்து வருவது. பீடைநாசினிப் போத்தலில் அதைக் காணும் கமக்காரர், சட்டமே கொம்பனியை விடுவித்துவிட்டது என்று எண்ணுவார். உண்மை நேர்மாறு. கவனயீனத்தால் நேரும் சாவுக்கும் காயத்துக்குமான பொறுப்பை ஒப்பந்த வாசகத்தாலோ அறிவித்தலாலோ தட்டிக்கழிக்க இங்கிலாந்தின் 1977ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடாது. இலங்கையின் 1997ஆம் ஆண்டு 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டமும் அந்த வழியில் வந்ததுதான்.

ஆகவே 'பொறுப்பு மறுப்பு' என்பதே சரி. மறுப்பது ஒரு தரப்பின் பேச்சு. அதை ஏற்பதா இல்லையா என்பது நீதிமன்றத்தின் வேலை. தலைப்பாக வேண்டாம், வசனமாக வேண்டுமென்றால் வவுனியாவில் சைக்கிள் பாதுகாப்பு நிலையப் பலகை எழுதுபவருக்கே அது தெரியும்: 'நிர்வாகம் பொறுப்பல்ல'. படித்த மொழிபெயர்ப்பாளருக்கு இந்த இரண்டு சொல் ஏன் போதவில்லை?

இதைவிடப் பெரிய கேடு, பொறுப்பு மறுப்பை 'எச்சரிக்கை' என்ற தலைப்பில் போடுவது. எச்சரிக்கை கன்னட, தெலுங்குப் பக்கத்திலிருந்து வந்த சொல். கன்னடத்தில் 'எச்சர' என்றால் விழிப்பு. வந்த சொல் என்பதற்காக அதைத் தள்ள வேண்டியதில்லை. கோயில் ஊஞ்சல் பாட்டோடு எச்சரிக்கை, பராக்கு என்று பாடி நமக்கு ஊறிப்போன சொல் அது. கேட்பவர் விழித்திருக்கச் சொல்வது எச்சரிக்கை. சொல்பவர் தப்பிக்கச் சொல்வது மறுப்பு.

இரண்டும் கலந்தது அமெரிக்க வழக்குப் பயத்தால். பொருளில் வேறு பழுது இல்லாவிட்டாலும், போதிய எச்சரிக்கை இல்லை என்றே அங்கு வழக்குப் போடலாம். அதனால் கத்தி வெட்டும் என்றுகூட அச்சடிக்கிறார்கள். 1994இல் தீர்ப்பான மக்டொனால்ட்ஸ் கோப்பி வழக்கைப் பலர் பகிடியாகச் சொல்வதும் தவறு: ஏறத்தாழ 82 முதல் 88 பாகை செல்சியஸ் சூட்டில் கொடுத்த கோப்பி மேலே கொட்டியதால், வழக்குப் போட்ட மூதாட்டிக்குத் தோல் ஒட்டுச் சிகிச்சை செய்ய வேண்டிவந்தது.

வன்னிக்கு நல்ல எச்சரிக்கை எது என்று யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. மிதிவெடிப் பலகையில் சிவப்பு, மண்டையோடு, ஒன்றிரண்டு சொல். வெடி அகற்றியதும் பலகையும் போகும். அதனால்தான் முகமாலையில் பலகை நிற்கும் இடத்தில் மக்கள் கால் வைப்பதில்லை. எல்லா வரம்பிலும் ஒரு பலகை நட்டிருந்தால் ஒருவரும் நம்பியிருக்கமாட்டார்.

பீடைநாசினிப் போத்தலுக்கும் இதே அளவுகோல்தான். 'அபாயம்' உயிர் போகக்கூடியதற்கு. 'எச்சரிக்கை' அதற்கு அடுத்த படிக்கு. 'கவனம்' சிறு காயத்துக்கு. மூன்றையும் 'எச்சரிக்கை' என்றே பெயர்த்தால் படி அழிந்துவிடும். பிறகு வரிசை: என்ன நேரும், என்ன செய்ய வேண்டும், விழுங்கினால் என்ன செய்ய வேண்டும். மறுப்பு வாசகம் கடைசியில், தன் பெயரில். அது முன்னுக்கு வந்து இடத்தைப் பிடித்தால், செயற்படு பதார்த்தத்தின், அதாவது பீடையைக் கொல்லும் இரசாயனத்தின், பெயர் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் ஓரத்துக்குப் போகும். ஈரக் கையும் மருந்தும் பட்டு முதலில் அழிவது அந்த ஓரம்தான். ஆஸ்பத்திரியில் வைத்தியர் முதலில் கேட்பதோ அந்தப் பெயரை. ஓர்கனோ பொஸ்பரஸ் வகைப் பூச்சிநாசினி நஞ்சென்றால் அத்திரோப்பீன் என்ற மாற்று மருந்தை ஏற்றுவார்கள். பரக்குவாட் என்ற களைநாசினி என்றால் மாற்று மருந்தே இல்லை. 'போத்தலையும் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவும்' என்ற வரி பெரிய எழுத்தில் மேலே நிற்க வேண்டும்.