நடந்தே நாடு பிடித்த எறும்பு

தென் அமெரிக்கக் காடுகளில் தரையையே மறைத்துக்கொண்டு போகும் படை எறும்புகளைக் காணொளியில் பார்த்த வாசகர் ஒருவர், "அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் இவை உண்டா?" என்று கேட்டிருந்தார். தாராளமாக உண்டு. கலிபோர்னியாவிலிருந்து விர்ஜினியா வரை, வடக்கே அயோவா, தெற்கே மெக்சிகோ எனப் பரவியிருக்கிறது நெய்வாமிர்மெக்ஸ் நைக்ரெசென்ஸ் என்ற படை எறும்பு இனம். பகலில் மண்ணுக்கடியில் பதுங்கி, இரவில் மற்ற எறும்புகளின் புற்றுகளைச் சூறையாடி, முட்டை புழுக்களைத் தூக்கி வருவதால் பலர் கண்ணில் படுவதில்லை. தன் புழுக்கள் பசித்திருக்கும் வாரங்களில் நாடோடி. அவை கூட்டுப்புழுவானால் ஓரிடவாசி.

இதை வகைப்படுத்தியது ஒரு துப்பறியும் கதை. வேலைக்கார எறும்பு சில மில்லிமீட்டர்தான். இறக்கையில்லை, கண்ணும் பெயருக்குத்தான். ஆணோ இறக்கையும் பெரிய கண்ணுமாகக் குளவிபோல் இருக்கும். ஆப்பிரிக்கப் படை எறும்பு ஒன்றின் ஆணை, உயிரினங்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸே 1764இல் குளவிகளோடு சேர்த்துவிட்டார்! விளக்கு வெளிச்சத்துக்கு ஆண் பறந்து வரும். மற்றவை மண்ணுக்குள் கிடக்கும். ஆகவே ஆண்களுக்கு ஒரு பட்டியல், வேலைக்கார எறும்புகளுக்கு வேறொரு பட்டியல் என வளர்ந்தது. 1872இல் பூச்சியியலாளர் கிரெசன் டெக்சஸில் கிடைத்த ஆணுக்கு லேபிடஸ் நைக்ரெசென்ஸ் என்று பெயரிட்டார். 1894இல் எறும்பு ஆய்வாளர் எமெரி, அதே இனத்தின் வேலைக்கார எறும்பைப் பார்த்து எசிட்டன் ஷ்மிட்டி என்றார். இரண்டும் ஒன்றே என்று காட்ட அன்று இருந்த ஒரே வழி, ஆணைக் கூட்டத்துக்குள்ளேயே பிடிப்பது. எசிட்டன் என்று அப்போது அழைக்கப்பட்ட டெக்சஸ் படை எறும்புகளின் ஆண்களைப் பற்றி ஆய்வாளர்கள் வீலரும் லாங்கும் 1901இல் எழுதிய பிறகுதான் முடிச்சுகள் அவிழத் தொடங்கின. முந்தி வைத்த பெயருக்கே உரிமை என்பது விதி, ஷ்மிட்டி மறைந்தது. 1940இல் ஆய்வாளர் போர்க்மையர் நெய்வாமிர்மெக்ஸ் என்ற பேரினப் பெயரை, அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுப்புக்கான பெயரைத் தந்தார். இந்தப் பேரினத்தில் ஆண் மட்டுமே தெரிந்த இனங்கள் இன்றும் பல. ஊசியில் குத்திய பூச்சிகளை ஒப்பிடும் இந்த வேலைக்கு நிதி கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். அது இல்லாமல் எந்தப் பரவல் வரைபடத்தையும் நம்ப முடியாது என்பது என் கட்சி. ஆண் பறந்து வந்து விழுந்த இடத்தில் கூட்டம் இருந்தாக வேண்டுமென்பதில்லையே.

எனக்குப் பிடித்த இடம் இதுதான்: ராணிக்கு வாழ்நாள் முழுக்க இறக்கையே கிடையாது. வேறு பல எறும்புகளின் ராணி பறந்து போய்த் தனியே குடும்பம் தொடங்கும். இங்கே கூட்டம் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி பழைய ராணியுடனோ அதன் மகளுடனோ, மறு பாதி இன்னொரு மகளுடன் நடக்கும். வெளியிலிருந்து பறந்து வரும் ஆண்தான் அந்நியக் கூட்டத்துக்குள் புகுந்து இணைய வேண்டும். மரபணு பறக்கலாம், குடியேற்றம் மட்டும் கால்நடைதான். ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரை வரை இந்த இனம் தலைமுறை தலைமுறையாக நடந்தே பரவியிருக்கிறது.

அப்படியானால் கடல் இவற்றுக்குச் சுவராக வேண்டும். கியூபா, ஹிஸ்பானியோலா போன்ற பெரிய கரீபியத் தீவுகளில் இன்று படை எறும்பு கிடையாது. கணக்குச் சரிதான் என்று நினைக்கும்போது, ஹிஸ்பானியோலாவிலுள்ள டொமினிக்கன் குடியரசின் அம்பருக்குள் (கல்லாக இறுகிய பழங்கால மரப்பிசின்) சிக்கிய ஒரு நெய்வாமிர்மெக்ஸை 1985இல் எறும்பு ஆய்வாளர் வில்சன் விவரித்தார். அந்த அம்பர் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கும் பழையது. நீந்தத் தெரியாத, பறக்காத ராணி அந்தத் தீவுக்கு எந்த வழியாக வந்தது?