டிரையாங்குலேஷன்: முக்கோணமா, சரிபார்ப்பா?

திட்ட மதிப்பீட்டு அறிக்கைகளில் 'தரவுகள் டிரையாங்குலேட் செய்யப்பட்டன' என்றொரு வரி தவறாமல் வரும். எப்படி என்று தேடினால் பெரும்பாலும் ஒன்றும் இராது.

ஒரே கேள்விக்கு, ஒன்றையொன்று சாராத வழிகளில் விடை தேடி ஒப்பிடுவதே இதன் பொருள். முக்கோணத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் பிறந்து, நில அளவை வழியாக வந்தது. 1802இல் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் பரங்கிமலையருகே, முதல் முக்கோணத்தின் ஒரு பக்கமாக அமையும் சுமார் 12 கி.மீ. அடிக்கோட்டைச் சங்கிலி பிடித்து அளந்தார். பிறகு பெரும்பாலும் முக்கோணங்களின் கோணங்களை மட்டும் அளந்து, தூரங்களைக் கணக்கிட்டே போனார்கள். சமூக ஆய்வில் 1970இல் சமூகவியலாளர் நார்மன் டென்சின் இதைத் தரவு, ஆய்வாளர், கோட்பாடு, முறை என நான்காகப் பிரித்தார். எண்ணையும் (வினாத்தாள் கணக்கு) பேச்சையும் (கலந்துரையாடல்) சேர்த்துப் பார்ப்பவருக்கு வேண்டியது நான்காவது.

தமிழில் இதை 'முக்கோணமாக்கல்' என்பது நில அளவைக்குச் சரி. ஆய்வில் அது மூன்று முறைகள் கட்டாயம் என்று நினைக்க வைக்கிறது. தெரிந்த இரு முனைகளிலிருந்து நோக்கினாலே மூன்றாம் புள்ளி அகப்பட்டுவிடுமே! 'பன்முனைச் சரிபார்ப்பு' பொருத்தமானது. எண்ணையும் பேச்சையும் ஒரே ஆய்வில் சேர்க்கும் 'கலப்பு முறை' வேறு. அதன் பல நோக்கங்களில் சரிபார்ப்பும் ஒன்று, அவ்வளவே.

நில அளவையாளர்கள் 30 பாகைக்குக் குறைந்த கோணத்தைத் தவிர்ப்பார்கள். முக்கோணம் ஒடுங்கினால் சிறு பிழையும் பெருகிவிடும். ஆய்விலும் இதே கதைதான். கழிப்பறைத் திட்டமொன்றை மதிப்பிடுகையில், வினாத்தாளை நிரப்பியவரே குழுக் கலந்துரையாடலையும் நடத்தி, இரண்டின்போதும் ஊராட்சித் தலைவர் பக்கத்தில் நின்றால், இரு விடைகளும் ஒரே பக்கம் சாயும். ஒத்துப்போவதைக் கண்டு ஏமாறக் கூடாது. நேரில் பார்ப்பது மூன்றாவது முனை: உள்ளே தண்ணீர் வாளி இருக்கிறதா, விறகு அடுக்கியிருக்கிறதா?

எண்களையும் பேச்சையும் முதலில் தனித்தனியே பகுத்தாய வேண்டும். ஒன்றின் முடிவைத் தெரிந்துகொண்டு மற்றதைப் படித்தால் அதையேதான் காண்போம். பிறகு ஒரே அட்டவணையில் கேள்விவாரியாக எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் ஒத்தது, ஓரளவு ஒத்தது, முரண், ஒருபக்க மௌனம் என்று குறிக்கலாம். மௌனத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். வினாத்தாளில் இல்லாத மாதவிடாய் நாள் சிக்கல் பெண்கள் குழுவில் மட்டும் வெளிப்பட்டால், அதுவும் ஒரு கண்டுபிடிப்பே.

முரண் வந்தால் யார் பொய் சொன்னார் என்று தேடுமுன், அலகைப் பாருங்கள், அதாவது எதை ஒன்றாக எண்ணினார்கள் என்று. வினாத்தாள் வீட்டைக் கேட்டிருக்கும். குழு ஆளைப் பேசியிருக்கும். மருமகள் மட்டும் கழிப்பறைக்குப் போய், மாமனார் காட்டுக்குப் போகும் வீடும் கணக்கில் 'ஆம்' என்றுதான் ஏறியிருக்கும்.