மழைக்குக் கான் (வடிகால்) ஏன் சிவக்கிறது? வகுப்பறையில் தேடிக் கற்றல்

போத்தலில் மண்ணை நிரப்பித் தண்ணீர் ஊற்றி, “பார்த்தீங்களா, மண் மூடியிருந்தா அடிச்சிட்டுப் போகாது” என்று டீச்சரே முடித்துவைத்தால் அது வெறும் செய்துகாட்டல். தேடிக் கற்றலில் விடை கடைசியில், அதுவும் பிள்ளையின் வாயிலிருந்து வரவேண்டும். சுற்றாடல்சார் செயற்பாடுகள் பாடத்தில் இதற்கு இடம் தாராளமாக இருக்கிறது. தரம் 5இல் புலமைப்பரிசில் பரீட்சை நெருக்கும் என்பதால், தரம் 3, 4இலேயே பழக்கிவிடுவது நல்லது.

தொடக்கம் கேள்விதான். “மழைக்கு எங்க லயத்துக் கான்ல ஏன் செவப்பா தண்ணி ஓடுது?” என்று தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருக்கும் ஒரு பிள்ளை கேட்கலாம். நல்ல கேள்வி, ஆனால் ‘ஏன்’ என்பதை ஒன்பது வயதில் நேரடியாகச் சோதிக்க முடியாது. ‘எதை மாற்றினால் என்ன ஆகும்’ என்ற வடிவத்துக்கு அதைத் திருப்ப வேண்டும். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய (கிளை நறுக்கிய) மலையில் மிலாறு (வெட்டிய குச்சிகள்) கிடப்பதையும், அதை விறகுக்குக் கட்டிக்கொண்டு வருவதையும் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். “மிலாறையும் இலையையும் எடுத்துட்டா மண்ணு அதிகமாப் போகுமா?” இதைச் சோதிக்கலாம்.

நான்கு பேர் கொண்ட ஒரு குழுவுக்கு இரண்டு 1.5 லீற்றர் தண்ணீர்ப் போத்தல்கள் போதும். படுக்கவைத்து மேல்பக்கத்தை நீளவாக்கில் வெட்டி எடுங்கள். வெட்டுவது ஆசிரியர் வேலை. விளிம்பில் டேப் ஒட்டிவிடுங்கள். வாயின் கீழ் விளிம்பு மட்டத்துக்கு, ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர், ஒரே இடத்து மண்ணை நிரப்பி, ஒரே அளவு அழுத்தி, ஈரமாக்குங்கள். காய்ந்த மண் என்றால் ஊற்றுகிற தண்ணீரையெல்லாம் குடித்துவிடும். கோப்பைக்கு ஒன்றும் வராது. ஒன்றை வெறுமையாக விட்டு, மற்றதில் நறுக்கிய குச்சியும் இலையுமாக ஒரு விரல் தடிப்புக்குப் பரப்புங்கள். இரண்டு போத்தலின் அடிப்பக்கத்துக்கும் ஒவ்வொரு செங்கல்லைப் படுக்கையாக வைத்தால் சரிவு ஒன்றாகிவிடும். வாயின் கீழே ஒளி புகும் கோப்பை. மூடியில் எட்டுத் துளை போட்ட இன்னொரு போத்தலால், ஓர் அடிமட்டம் உயரத்திலிருந்து, ஒவ்வொன்றுக்கும் 300 மில்லிலீற்றர் மழை.

ஊற்றுவதற்கு முன் ஒவ்வொருவரும் எதிர்வுகூறலை எழுதட்டும், பென்சிலால் அல்ல, பேனையால். பென்சிலில் எழுதினால் தண்ணீர் ஓடியதும் பாதிப் பேர் அழிறப்பரைத் தேடுவார்கள். பிழைத்துப்போன ஊகம்தான் அன்றைய பாடத்தின் முதலீடு. அதற்குச் சிவப்புப் புள்ளடி போட்டுவிட்டால் அடுத்த முறை யாரும் துணிந்து எழுத மாட்டார்கள்.

அதிகம் பிழைப்பது ஊற்றும் இடத்தில். ஒருவர் மெதுவாகத் தூவ, மற்றவர் மடமடவென்று கவிழ்ப்பார். உடனே திருத்தாமல், “ரெண்டு பேரும் ஒரே மாதிரி ஊத்தினீங்களா?” என்று மட்டும் கேட்டால், பெரும்பாலும் அவர்களே சண்டை போட்டுத் திரும்பச் செய்வார்கள். நியாயமான சோதனை என்றால் என்ன என்பது அந்தச் சண்டையில் விளங்கும். கேள்வி கேட்டபின் வாயைக் கட்டிக்கொள்வதுதான் கடினம். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவுதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் காட்டினார். மூன்று விநாடி பொறுத்தாலே பிள்ளைகளின் பதில் நீள்கிறது. லயத்துப் பேச்சில் பதில் வந்தால் வரட்டும். காரணம் சொல்லிக்கொண்டிருக்கும் பிள்ளையின் உச்சரிப்பைத் திருத்தினால் காரணம் நின்றுபோகும்.

முடிவை அன்றே எழுதவைக்க வேண்டாம். நம் செம்மண்ணில் களி கலந்திருந்தால் தெளிய ஓர் இரவாவது வேண்டும். மறுநாள் கோப்பையின் அடியில் படிந்ததை மில்லிமீற்றரில் அளந்து, குழுக்களின் அளவுகளைப் பலகையில் வரிசையாகப் போடுங்கள். ஒரு குழுவுக்கு மாறி வந்திருந்தால் ஏன் என்று மற்றக் குழுக்கள் தேடட்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. “மிலாறு போட்டா மண்சரிவும் வராது” என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லும். போத்தல் காட்டுவது மேல்மண் அடித்துச் செல்லப்படுவதை மட்டுமே. மண்சரிவில் தண்ணீர் ஆழத்துக்கு இறங்கி, மண்ணின் பிடிப்பைத் தளர்த்தி, சரிவையே நகர்த்துகிறது. 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தைத் தோட்டத்து மண்சரிவை நினைத்துப் பார்க்கிற வீடுகளிலிருந்து பிள்ளைகள் வரும் இடத்தில் இதைப் பரிசோதனையாக்கி விளையாட வேண்டாம். நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கும் ஊற்று ஆகிய அறிகுறிகளையும், கண்டால் உடனே பெரியவர்களிடம் சொல்லி அந்த இடத்தை விட்டு விலக வேண்டும் என்பதையும் நேரடியாகவே சொல்லிக்கொடுங்கள்.