டிபக்கர்: வழுநீக்கி

நிரலில் உள்ள கோளாறைத் தேட உதவும் கருவி ஒன்று, மொரீஷியசில் கணினி படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இரண்டு பெயர்களில் வருகிறது. ஆங்கிலப் புத்தகத்தில் டிபக்கர், பிரெஞ்சில் தெபோகர். தமிழில் வழுநீக்கி. பிழைதிருத்தி என்றும் எழுதுகிறார்கள்.

ஆங்கில 'பக்' பூச்சிதான். எந்திரக் கோளாறுக்கு இந்தச் சொல்லை எடிசன் 1878-லேயே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஹார்வர்டின் மார்க் 2 கணினியில் சிக்கிய அந்துப்பூச்சியைக் குறிப்பேட்டில் ஒட்டிவைத்தது 1947 செப்டம்பர் 9-ல். ஆகவே சொல் அங்கே பிறக்கவில்லை. பிரெஞ்சு 'பொக்' என்பதற்குப் பழைய பொருள் கஷ்கொட்டையின் முள்தோடு. ஒலி ஒத்துவந்ததால் கணினிக்கும் வந்துவிட்டது.

தமிழுக்கு ஒலியைத் தேடி அலைய வேண்டியதில்லை. இலக்கணத்தில் வழு என்றால் முறை தவறிய சொல்லாட்சி. நன்னூல் அதைத் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழாகப் பிரிக்கிறது. வழுவானாலும் காரணம் கருதி ஏற்றுக்கொண்டால் வழுவமைதி. தெரிந்தே விட்டுவைக்கும் கோளாறு நிரல்களிலும் உண்டு, அதற்கும் இதே சொல் பொருந்தும். பிழை என்றால் தட்டச்சுப் பிழையும் அதில் அடங்கிவிடும். அதனால் என் ஓட்டு வழுவுக்கே.

'நீக்கி' மட்டும் எனக்கு இடறுகிறது. கருவி எதையும் நீக்குவதில்லை. ஓடும் நிரலை நடுவில் நிறுத்தி, எந்த மாறியில் (மதிப்பை வைத்திருக்கும் பெயரில்) என்ன இருக்கிறது என்று காட்டுகிறது. வழுகாட்டி என்றால் இன்னும் சரியாக இருக்கும். எந்திர ஆணைகளுக்குப் பதில் நாம் சி மொழியில் எழுதிய வரிகளையே காட்டினால் அது மூலநிலை வழுநீக்கி.

வழுநீக்கிக்குச் சிக்கல் தரும் இடம் ஒன்று உண்டு: ஷேர்டு லைப்ரரி, அதாவது பல நிரல்கள் பொதுவாக அழைக்கும் செயற்கூறுகளின் (ஃபங்ஷன்களின்) தொகுப்பு. அதற்குப் பகிர்வு நிரலகம் என்பேன். நூலகம் என்று சொன்னால் புத்தக அலமாரிதான் நினைவுக்கு வரும். 1985-ல் வந்த கமடோர் அமிகா என்ற வீட்டுக் கணினியில் இதன் வேலையைத் தெளிவாகப் பார்க்கலாம். நிரலகத்தின் ஒரே பிரதி நினைவகத்தில் இருக்கும், எல்லா நிரல்களும் அதையே அழைக்கும். நிரலகத்தின் அடிமுகவரிக்குக் கீழே, ஒவ்வொரு செயற்கூறும் இருக்கும் இடத்துக்குத் தாவச்சொல்லும் ஆணைகள் ஆறு ஆறு பைட்டாக வரிசையாக இருக்கும். முதல் நான்கும் இயங்குதளத்துக்கு. நம் செயற்கூறுகள் கழித்தல் 30-ல் தொடங்கும்.

சிக்கலும் அங்கேதான். நிறுத்தப்புள்ளி (நிரல் நிற்கவேண்டிய இடம்) வைப்பதென்றால் அந்த இடத்து ஆணையை எடுத்துவிட்டு, ஓட்டத்தை நிறுத்தும் பொறி ஆணை ஒன்றை எழுதுவது. பிரதி ஒன்றுதானே, ஒரு நிரலின் நினைவகத்தை மற்றது தொடாமல் தடுக்கும் காப்பும் அமிகாவில் இல்லை. வேறொரு நிரல் அதே செயற்கூறை அழைத்தால் அதுவும் பொறியில் விழும். நம் வழுநீக்கி கவனிப்பது நம் நிரலின் ஓட்டத்தை மட்டும். விழுந்தது மற்றதென்றால் திரையில் சிவப்பாகக் குரு மெடிட்டேஷன் என்ற அமிகாவின் கோளாறு அறிவிப்பு வந்துவிடும்.

அதனால் நிரலகத்தின் மூலநிரலை முதலில் ஒரு சோதனை நிரலோடு நேராக இணைத்து வழு பார்ப்பார்கள், அப்புறம்தான் நிரலகமாகக் கட்டுவார்கள். திருத்திக் கட்டியபின் பழைய பிரதி நினைவகத்திலேயே தங்கியிருக்கலாம். அதைப் பயன்படுத்தும் நிரல்களை மூடிவிட்டு பயன்படாதவற்றை நினைவகத்திலிருந்து வெளியேற்றும் 'அவெய்ல் ஃப்ளஷ்' கட்டளை கொடுக்க வேண்டும். இல்லையென்றால் திருத்திய வரி கண்முன் இருக்கும், ஓடுவது பழையதாக இருக்கும்.