டயர்: சொல்லும் பொருளும்

'டயர்' ஆங்கிலத்தில் 'அட்டயர்' என்ற சொல்லின் தலை தேய்ந்த வடிவம். உடுப்பு, அணி என்று பொருள். 15-ஆம் நூற்றாண்டில் மரச்சக்கரத்தின் விளிம்பில் அறைந்த இரும்புத் தகடுகளுக்குத்தான் அந்தப் பெயர் இருந்தது. காற்றடைத்த டயருக்கு 1845-இல் ராபர்ட் தாம்சன் காப்புரிமை வாங்கினார், அது எடுபடவில்லை. 1888-இல் ஜான் டன்லப் வந்த பிறகுதான் காற்றடைத்த ரப்பர் டயர் பரவியது.

தமிழில் இதற்குச் சொல் தேடி அலைய வேண்டாம். மாட்டுவண்டிச் சக்கரத்தில் நடுவில் குடம், அதிலிருந்து ஆரக்கால், சுற்றிலும் வட்டை, வட்டையின் மேல் காய்ச்சி ஏற்றிய இரும்புப் பட்டை. சிறுபாணாற்றுப்படை 'ஆரம் சூழ்ந்த அயில்வாய் நேமி' என்பதும் இந்த அமைப்பையே: ஆரக்கால்களைச் சூழ்ந்து நிற்கும், இரும்பு வாய் கொண்ட வட்டை. ஆகவே ஹப் குடம், ஸ்போக் ஆரக்கால், ரிம் வட்டை, டயர் பட்டை. தனியாகச் சொல்லும்போது 'உருளிப்பட்டை' தெளிவாக இருக்கும். டயரைச் சக்கரம் என்று எழுதுவது பிழை. சக்கரம் என்பது இவை எல்லாம் சேர்ந்தது.

தார்ச்சாலையிலும் கரடுமுரடான மண்பாதையிலும் ஓடும் அட்வென்ச்சர் பைக்குக்கு டயர் வாங்கும்போது இந்த வேறுபாடு உடனே வேலைக்கு வரும். '21 இன்ச் டயர்' என்பதில் 21 வட்டையின் விட்டம், டயருடையது அல்ல. 90/90-21 என்றால் அகலம் 90 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 90 சதவீதம், அதாவது 81 மி.மீ.; மேலும் கீழும் சேர்த்தால் முழு விட்டம் சுமார் 695 மி.மீ., ஏறக்குறைய 27 இன்ச். 150/70R17 69V என்பதில் R ரேடியல், அதாவது டயருக்குள் இருக்கும் நூலடுக்கு விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேர்குறுக்காகப் போகும் வகை. 69 என்பது சுமைக்குறி, ஒரு டயர் தாங்குவது 325 கிலோ. V மணிக்கு 240 கி.மீ. வரை. இரண்டு பக்கமும் பெட்டி, பின்னால் ஆள் என்று போகிறவர் கம்பெனி குறித்த சுமைக்குறிக்குக் கீழே இறங்கவே கூடாது.

முதலில் முடிவு செய்ய வேண்டியது வட்டை. முன்னால் 21 கல்லையும் குழியையும் எளிதாக ஏறிக் கடக்கும், ஆனால் தார்ச்சாலை வளைவில் மந்தமாகத் திரும்பும். 19 இந்த இரண்டு குணத்துக்கும் நடுவே. அலாய் ரிம்முக்கு ட்யூப்லெஸ் போடலாம். பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றாமலே பிளக் குத்திவிட்டுப் போய்விடலாம். ஆனால் கல்லில் பலமாக அடித்தால் அலாய் ரிம் விரிசல் விடக்கூடும். கம்பிச் சக்கரம் வளைந்தாலும் கோட்டம் எடுத்து ஓட்டிவிடலாம். சாதாரணக் கம்பி ரிம்மில் கம்பியை இறுக்கும் ஒவ்வொரு நிப்பிளும் ரிம்மைத் துளைத்து நிற்கும், காற்று அங்கே கசியும், அதனால்தான் ட்யூப். கம்பிகளை ரிம்மின் ஓரத்தில் கோத்து, காற்றறையைத் துளையில்லாமல் விட்ட ரிம்களும் உண்டு. விலை கூடுதல், ஆனால் இரண்டு நன்மையும் கிடைக்கும். ட்யூப் ரிம்மில் ட்யூப்லெஸ் டயரை ட்யூப் வைத்து மாட்டலாம். ட்யூபை எடுத்துவிட்டு ஓட்டலாமா என்றால், வேண்டாம்: டயர் விளிம்பைப் பிடித்து நிறுத்தும் மேடு பல ட்யூப் ரிம்களில் இல்லை, காற்று இறங்கியதும் டயர் ரிம்மின் நடுப்பள்ளத்தில் விழுந்துவிடும்.

அடுத்தது பட்டன், அதாவது டயரின் மேல் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டைகள். விற்பவர்கள் சொல்லும் 50/50, 80/20 என்ற தார்ச்சாலை-மண்பாதை விகிதமெல்லாம் அந்தந்தக் கம்பெனியின் சொந்தக் கணிப்பு, பொது அளவுகோல் கிடையாது. பட்டன்களுக்கு இடையே உள்ள பள்ளத்தைப் பாருங்கள். அகலமாக இருந்தால் சேறு தங்காமல் உதிரும். ஆனால் தார்ச்சாலையில் பிரேக் பிடிக்கும்போது பட்டன்கள் மடங்கும், ஈரத்தில் பிடி குறையும், பின் டயரின் நடுப்பகுதி சீக்கிரம் தேயும். தினமும் தார்ச்சாலையிலேயே ஓடும் வண்டிக்குப் பட்டன் டயர் வீண் செலவு.

காற்றை எப்போதும் டயர் ஆறியிருக்கும்போது அளக்க வேண்டும். மணலில் கொஞ்சம் இறக்கினால் தடம் அகன்று வண்டி மிதக்கும். ட்யூப் டயரில் அளவுக்கு மீறி இறக்கினால் டயர் ரிம்மில் சறுக்கி ட்யூபின் வால்வைப் பிய்த்துவிடும். குறைந்த காற்றில் ஓட்டுபவருக்கு, டயர் விளிம்பை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் ரிம் லாக் தேவை. காற்று குறைந்திருக்கும்போது கல்லில் மோதினால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே ட்யூப் நசுங்கி இரட்டை ஓட்டை விழும். தார்ச்சாலை ஏறுமுன் மறுபடி நிரப்பாவிட்டால் பக்கச்சுவர் சூடேறிக் கெட்டுப்போகும்.

பக்கச்சுவரில் உள்ள DOT குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும்: 2324 என்றால் 2024-இன் 23-ஆம் வாரம். அம்புக்குறி சுழலும் திசைக்கு. மாட்டும்போது டயர் லிவரை முறுக்கித் திணறினால், எதிர்ப்பக்க விளிம்பு நடுப்பள்ளத்தில் இறங்கவில்லை என்று பொருள். முழங்காலால் அழுத்தி இறக்கிவிட்டு மறுபடி நெம்புங்கள்.