கார்டசேவ் அளவுகோல்: பெயர், பொருள், தமிழ்ச் சொல்

'டைப் 1 நாகரிகம்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று பென்னாகரம் பக்கத்துப் பள்ளி மாணவி ஒருத்தி கேட்டிருந்தார். அறிவியல் மன்றத்தில் பேசப் போகிறாராம். ஒரு சமுதாயம் எவ்வளவு ஆற்றலைச் செலவிடுகிறது என்பதை வைத்து வகை பிரிக்கும் கார்டசேவ் அளவுகோலில் வரும் சொல் இது. ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம்தான். ஆனால் இந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வரும் அர்த்தத்தில் பாதி பிற்பாடு சேர்ந்தது.

முதலில் பெயர். நிகலாய் கார்டசேவ் (1932–2019) சோவியத் வானியலாளர். ரஷ்யர்கள் வாயில் இந்தப் பெயர் 'கர்தஷோவ்' என்றுதான் முடியும். அந்த ஓகார ஒலிக்கு உரிய எழுத்தின் மேல் இரண்டு புள்ளி உண்டு. அச்சில் அதைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள், அதனால் வெளியூரில் 'சேவ்' ஆகிவிட்டது. கோர்பச்சோவ் நமக்குக் கோர்பச்சேவ் ஆனதும் இப்படித்தான். பழகிவிட்டது, இருக்கட்டும்.

1964-ல் அவர் எழுதிய கட்டுரை யார் முன்னேறியவர் என்று தரம் பிரிக்க வந்ததல்ல. வேற்றுலகத்தார் வானொலியில் செய்தி அனுப்பினால் அதற்கு எவ்வளவு ஆற்றல் செலவிட முடியும், அது நம் கருவிகளுக்கு எட்டுமா என்பதே கேள்வி. அதற்காக மூன்று வகை வைத்தார். வகை 1, அன்றைய மனிதகுலத்தின் அளவு: சுமார் 4 லட்சம் கோடி வாட். வகை 2, ஒரு சூரியனின் மொத்த வெளியீடு: 4 போட்டு 26 சுழி. வகை 3, ஒரு முழு விண்மீன் மண்டலம் (கேலக்ஸி): 4 போட்டு 37 சுழி.

அதாவது கார்டசேவ் கணக்கில் நாம் 1964-லேயே வகை 1. 'இன்னும் வகை 1-ஐ எட்டவில்லை, 0.7-ல் நிற்கிறோம்' என்று எல்லோரும் சொல்வது அமெரிக்க வானியலாளர் கார்ல் சேகன் கணக்கு. 1973-ல் அவர் வகை 1-ஐ 10,000 லட்சம் கோடி வாட்டுக்கு உயர்த்தி, இடையில் தசமங்களைப் போட்டார். அந்த 0.7-ஐ எழுபது சதவீதம் என்று படிப்பவர்கள் நிறைய. அப்படியில்லை. ஒவ்வொரு 0.1-க்கும் ஆற்றல் பத்து மடங்கு கூடுகிறது. இன்று உலகம் செலவிடுவது ஏறக்குறைய 20 லட்சம் கோடி வாட். சேகனின் வகை 1-க்கு இன்னும் 500 மடங்கு வேண்டும்.

இந்த 20 லட்சம் கோடியை 800 கோடிப் பேருக்குப் பங்கு போட்டால் தலைக்கு 2,500 வாட். காரிமங்கலம் பக்கம் போர்வெல்லில் ஓடுகிற 5 எச்.பி. மோட்டார் சுமார் 3,700 வாட். ஆளுக்கொரு மோட்டாரைத் தினமும் 16 மணி நேரம் ஓட்டுவதற்குச் சமம். இது சராசரி மட்டுமே. மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று விழித்துக் காத்திருப்பவருக்கு இந்தப் பங்கு எங்கே போனது என்று தெரியாது.

ஆற்றல் செலவு ஆண்டுக்கு 1 சதவீதம் வளர்ந்தால் 3,200 ஆண்டில் வகை 2 என்று கார்டசேவ் கணக்கிட்டார். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் அறிவித்தார்கள். அந்த இரும்பு நமக்குப் பின்னால் இருக்கும் தூரத்தைவிட, சூரியன் முழுவதையும் பயன்படுத்தும் நாள் கிட்டே! நம்ப முடியவில்லை, ஆனால் கணக்கு சரி. ஓயாமல் வளர்வோம் என்ற அனுமானத்தைத்தான் நான் சந்தேகிப்பேன்.

சரி, தமிழ்ச் சொல். 'அளவுகோல்' பொருத்தம். 'டைப்' என்பதை 'நிலை' என்றோ 'படி' என்றோ எழுதினால் ஏறியே தீரவேண்டிய ஏணி போல ஆகிவிடும், 'வகை' போதும். சிக்கல் 'நாகரிக'த்தில். நகரத்தோடு உறவுள்ள வடசொல் வழி வந்தாலும், தமிழில் அதற்குப் பண்பு என்ற பொருள் பழையது. 'பெயக்கண்டும் நஞ்சுண் டமைவர் நயத்தக்க நாகரிகம் வேண்டு பவர்' என்கிறது குறள் (580). தருவது நஞ்சு என்று கண்டும், பழகியவர் முகம் வாடக் கூடாதென்று வாங்கி உண்பவரின் குணம் அது. வாட் கணக்கில் அதற்கு இடமில்லை. அதனால் 'முதல் வகை ஆற்றல் சமுதாயம்' என்பதே என் தேர்வு. மொத்தத்துக்கும் 'கார்டசேவ் ஆற்றல் அளவுகோல்' என்று எழுதலாம். எண்ணைச் சொல்லும்போது, அது கார்டசேவின் வகை 1-ஆ சேகனின் வகை 1-ஆ என்பதையும் கூடவே சொல்லிவிட வேண்டும். இரண்டுக்கும் 2,500 மடங்கு வித்தியாசம்.